மரவீட்டுக் கதவும் ஒரு துண்டு அட்டையும்

அவருக்குச் 'சத்தம்' என்று பெயர் வைத்தது யார் என்பது கம்பெனியில் யாருக்கும் நினைவில்லை. பேசினால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காத ஆளுக்கு அப்படி ஒரு பெயர். லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "என்ன சத்தம் அது?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார், கல்யாண மண்டபத்தில் கேட்டிருக்கிறார். மகள் பிறந்த அன்று தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் அதையேதான் கேட்டார். தலைக்கு மேலே சுற்றிய பேனைச் சொன்னாராம். மனைவி அதை இன்றுவரை நம்பவில்லை.

அந்த வேலையில் ஆயுளைக் கழித்தவர்களுக்கு முழங்கால் போகும், இல்லையென்றால் காது போகும். இவருக்கு இரண்டும் நன்றாகவே இருந்தன. போனது உட்காரும் பழக்கம்தான். சாப்பிடும்போது ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டிருக்கும். தூங்கும்போது விரல்கள் போர்வையின் ஓரத்தில் எதையோ முடுக்கிக்கொண்டிருக்கும்.

அவருடைய தொழிலில் எல்லாமே 'கம்ப்ளைன்ட்' என்ற ஒரு சொல்லில் தொடங்கும். கம்ப்ளைன்ட் வந்தால் போக வேண்டும், கோளாறைப் பிடிக்க வேண்டும், சரிசெய்ய வேண்டும், 'முடிஞ்சுது' என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். வராவிட்டால் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம், தொடக் கூடாது. வீட்டிலும் அதே நடைமுறைதான். "இன்னைக்கு ஒரே புழுக்கமா இருக்கு" என்று மனைவி சொன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறி பேன் இறக்கையைத் துடைப்பார். "பக்கத்து வீட்டம்மா காலி பண்றாங்களாம், மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். லாரி எப்போது வருகிறது என்று விசாரித்துக்கொண்டு போய், அவர்களுடைய பீரோவைத் தானே தோள் கொடுத்து இறக்கிவிட்டு வந்தார். வந்து, கையைக் கழுவிக்கொண்டே, "முடிஞ்சுது" என்றார். எது முடிந்தது என்று அவள் கேட்கவில்லை.

அவரை நல்லவர் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் நல்லவராக இருப்பதும் கூட இருப்பதும் ஒன்றல்ல. முதலாவதைத் தனியாகவே செய்துவிடலாம்.

உலகத்தில் அவர் வெறுத்த பொருள் ஒன்றே ஒன்று. அட்டை. வீடு மாற்றுகிறவர்கள் கட்டில், பீரோவை ஏற்றும்போது லிப்ட் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு அட்டையை மடித்துச் செருகுவார்கள். பிறகு மறந்துவிடுவார்கள். அது நைந்து, கதவு ஓடும் தடத்தில் விழுந்து, கதவு பாதியில் நிற்கும். வருகிற கம்ப்ளைன்ட்டில் பாதி அட்டையால் வருவது என்பது அவருடைய கட்சி. அதனால் எந்தக் கதவிலும், அது வங்கியோ மருந்துக் கடையோ, ஒரு துண்டு அட்டை செருகியிருப்பதைக் கண்டால் கை தானாகப் போய்ப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளும். துணி துவைக்கும்போதெல்லாம் மனைவி அவருடைய பாக்கெட்டிலிருந்து அட்டைத் துண்டுகளை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைப்பாள். "இன்னைக்கு வேட்டை எப்படி?" என்பாள். அவர் அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டதில்லை.

அவர்கள் சந்தித்ததே ஒரு லிப்டில்தான். அவள் அப்போது துணிக்கடையில் பில் போடுகிற வேலையில் இருந்தாள். இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிப்ட் நின்றுவிட்டது, உள்ளே அவள் மட்டும். கதவுக்கு வெளியே ஒரு குரல்: "நான் வந்துட்டேன். வெளியிலதான் நிக்கிறேன். எங்கேயும் போகமாட்டேன்." மாட்டிக்கொண்டவர்களிடம் பயப்படாதீர்கள் என்று சொன்னால் பயம் கூடும் என்பது அவருக்குப் பழக்கத்தில் தெரிந்திருந்தது. அதனால் கேள்வி கேட்பார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எங்கே கிளம்பினீர்கள். பதில் தெரிந்த கேள்விகளாகக் கேட்டால் மூச்சு தானாக நிதானத்துக்கு வரும். அவளிடமும் கேட்டார். என்ன வாங்க வந்தீர்கள் என்றார். "நான் வாங்க வரல, விக்கிறவ" என்றாள். அவர் சிரித்தது உள்ளே கேட்டது. கதவு திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவளுடைய அக்காவின் பெயர், அவள் படித்த பள்ளிக்கூடம், அவளுக்கு எந்த நிறத் துணியை மடிக்கப் பிடிக்காது என்பதுவரை அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குரலை அவளுக்குப் பிடித்துப்போனது. கல்யாணமான பிறகுதான் விஷயம் புரிந்தது. யாராவது மாட்டிக்கொண்டால் மட்டுமே வெளியே வருகிற குரல் அது. அவள்தான் வெளியே வந்துவிட்டாளே.

அவள் அதுவரை வேலை பார்த்த அந்தத் துணிக்கடையை இந்த வருஷம் மூடிவிட்டார்கள். வேறு ஊரில் அக்கா ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். தங்கையைக் கூடச் சேர்ந்து நடத்தக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா கூப்பிட்டது அவருக்குத் தெரியாது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வாசல் பக்கம் மீட்டர் பெட்டியில் என்னவோ ரீங்காரம் கேட்கிறதே என்று காதை வைத்துக்கொண்டு நின்றபோது, சமையலறை ஜன்னல் வழியாக மனைவி போனில் பேசுவது கேட்டது.

"ஆமாக்கா, வர்றது முடிவுதான். மாடி ரூம் போதும்... இல்ல, அவர்கிட்ட இன்னும் சொல்லல... கட்டில் ஒண்ணு போதுமா, ரெண்டு போடணுமான்னு ஞாயித்துக்கிழமை சொல்றேன். அதை இப்பவே கேக்காதே. எனக்கே தெரியல."

அவர் மீட்டர் பெட்டியை மெதுவாக மூடினார். உள்ளே போகவில்லை. மாடிப்படியில் ஒரு தடவை ஏறி இறங்கினார். ஒரு கட்டில் என்றால் அவள் மட்டும். இரண்டு என்றால் அவருக்கும் அங்கே ஒரு இடம் உண்டு, வாரக் கடைசியிலோ, ஓய்வு பெற்ற பிறகோ. உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் கம்ப்ளைன்ட் வராமல் அவர் எந்த மெஷினையும் திறந்ததில்லை.

மறுநாள் தொடர் விடுமுறை ஆரம்பம். மகள் முன்பே பலகையால் கட்டிய ஒரு மரவீட்டை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருந்தாள், ஏதோ சின்ன டவுனுக்கு வெளியே, குளத்துக்குப் பக்கத்தில். "அப்பா, நீங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்க. அம்மா உங்களைக் கூட்டிட்டுப் போறதா இருக்கக் கூடாது" என்று போனில் சொல்லியிருந்தாள். கிளம்பும்போது அவர் கை பழக்கத்தில் கருவிப் பையை எடுத்தது. மனைவி அதை வாங்கி வாசல் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

"மூணு நாள். எதையும் சரிபண்ணக் கூடாது."

"சரி."

"திருகக் கூடாது, முடுக்கக் கூடாது, எண்ணெய் விடக் கூடாது."

"சரின்னுட்டேனே."

"சத்தம் கேட்டா?"

"கேக்கலைன்னு இருந்துக்கிறேன்."

பஸ் இறங்கிய டவுனில் ஒரே ஒரு கடைத்தெரு. மரவீட்டின் சாவி இருந்த இடம் ஒரு ஹார்டுவேர் கடை. மகள் இதைக் கவனித்திருக்கமாட்டாள். சுவர் முழுக்க ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் அளவுவாரியாகத் தொங்கின. "கையைக் கட்டிக்கிட்டு உள்ள போங்க" என்று சொல்லிவிட்டு மனைவி எதிர்க்கடைக்கு ரொட்டியும் முட்டையும் வாங்கப் போனாள். கடையில் இருந்தது ஒரு வயதான அம்மா. சாவியை மேஜையில் வைத்து அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லாமல் கொடுப்பதில்லை என்பதுபோலச் சொல்ல ஆரம்பித்தாள்.

"குழாயில மொதல்ல கலங்கலா வரும் தம்பி, கொஞ்சம் விட்டுட்டுப் பிடிங்க. போன் அங்க எங்கேயும் எடுக்காது. குளத்தங்கரைப் பாறை மேல ஏறினா எடுக்கும். ராத்திரி வெளி லைட்டை அணைச்சிடுங்க, பூச்சி அடையும். அப்புறம் முக்கியமா, அந்த உள்ரூம் கதவுல..."

அவள் பின்னால் ஒரு மேஜை பேன் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்றது. அவருடைய காது அங்கே போய்விட்டது. பேரிங் இல்லை, பின்பக்கத்துப் பல்சக்கரம். ஒரு பல் தேய்ந்திருக்கிறது.

"...ஞாபகம் இருக்கட்டும்" என்று அந்த அம்மா முடித்தாள்.

"இருக்கும்" என்றார். எது என்று அவருக்கே தெரியாது.

மரவீட்டில் முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று. முன்னறை மூலையில் அடுப்பு, வாசலில் கூரை போட்ட இடத்தில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். மனைவி ஜன்னல்களைத் திறந்துகொண்டே போனாள். அவர் உள்ளறையைப் பார்த்தார். இரண்டு கட்டில்கள், சேர்த்துப் போட்டிருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பும்போது கதவு நிலையின் மேல் மூலையில், நான்காக மடித்து இறுக்கிச் செருகிய ஒரு துண்டு அட்டை கண்ணில் பட்டது. கை தானாகப் போனது. அட்டை பாக்கெட்டுக்குள் இறங்கியது. சொன்ன சொல்லை மீறியதாக அவருக்குத் தோன்றவே இல்லை. அட்டையை எடுப்பது குப்பையை எடுப்பதுபோல.

வெள்ளி அப்படியே கழிந்தது. அவள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து மரங்களைப் பார்த்தாள். அவரும் உட்கார்ந்தார், எழுந்தார், வீட்டைச் சுற்றி ஒரு நடை போனார், வந்து உட்கார்ந்தார்.

"காலை ஆட்டாதீங்க. பலகை அதிருது."

காலை நிறுத்தினார். கை ஆரம்பித்தது.

குழாய் சொட்டியது. கூரைத் தகரம் எங்கோ ஒரு மூலையில் காற்றுக்குத் தட்டியது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒன்றையும் கேட்காதவர்போல இருந்தார். அவள் எந்த நிமிஷமும் சொல்லிவிடுவாள் என்று ஒவ்வொரு முறை அவள் வாயைத் திறக்கும்போதும் நிமிர்ந்தார். அவள் சொன்னதெல்லாம் டீ வேண்டுமா என்பது, அந்தப் பறவைக்கு வால் எவ்வளவு நீளம் பாருங்கள் என்பது. வாலைப் பார்த்தார். ஒன்றா, இரண்டா என்று மனம் கேட்டது. மனிதர்கள் காத்திருப்பதை அமைதி என்று வெளியில் இருப்பவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதுண்டு. அவருடைய வீட்டில் மட்டும் யாரும் அந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் குளத்துக்கு நடந்தார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் பாறையில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். அவர் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

அப்போது அவருடைய சட்டைப்பைக்குள் போன் அடித்தது. அது எடுக்கிற ஒரே இடம் அந்தப் பாறைதான் என்று கடைக்கார அம்மா சொன்னதை அவர் மறந்திருந்தார். அவர் எடுக்கவில்லை. மணி நின்று, மறுபடி அடித்தது.

"எடுங்க" என்றாள். "சும்மா கூப்பிடமாட்டாங்க."

கூட வேலை செய்கிறவன். "அண்ணே, லீவுல இருக்கீங்கன்னு தெரியும், திட்டாதீங்க. லிப்ட் பாதியில நின்னுடுச்சு. உள்ள ஒரு பெரியவர், கதவைப் போட்டு அடிச்சுக்கிட்டே இருக்கார். நான் மேல மோட்டார் ரூமுக்குப் போயாகணும். கீழ வாட்ச்மேன்தான் இருக்கார், அவர் அந்தப் பெரியவரைவிட அதிகமாப் பயந்திருக்கார். போனைக் கதவுகிட்ட வைக்கச் சொல்றேன். நீங்க பேசிக்கிட்டே இருங்கண்ணே."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாறை மேலேயே எழுந்து நின்றார்.

"ஐயா, நான் வந்துட்டேன். வெளியிலதான் நிக்கிறேன். எங்கேயும் போகமாட்டேன்."

எத்தனையோ மைலுக்கு அப்பாலிருந்து சொன்ன சுத்தப் பொய். ஆனால் குரலில் பொய் இல்லை. கதவைத் தட்டும் சத்தம் குறைந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க ஐயா?... அடடே, அதோட சர்க்கரை போட்டுக்கிட்டீங்களா?... எங்க கிளம்பினீங்க?... முடி வெட்டவா. எப்பவும் அதே கடைதானா?... அச்சச்சோ, எப்ப காலமானார்?... புது ஆளு எப்படி?... காதுகிட்ட ரொம்ப எடுத்துடறாரா. அது கஷ்டம்தான். காதுன்னா சும்மாவா."

பேசப்பேச அவருடைய உடம்பு தளர்ந்தது. இரண்டு நாளில் முதல் தடவையாகக் கால் ஆடாமல் நின்றது. பெரியவர் அவருடைய பழைய முடிதிருத்துகிறவரைப் பற்றி, அவர் கத்தரியைப் பிடிக்கும் விதத்தைப் பற்றி, எல்லாம் சொன்னார். இவர் கேட்டார். கடைசியில் கதவு திறக்கும் சத்தம், வாட்ச்மேனின் கைதட்டல், பெரியவர் யாரிடமோ, "வெளியில நின்னாரே, அவர் எங்க?" என்று கேட்பது.

போனை வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பினார். பாறையில் வேறு யாரும் இல்லை. வீட்டுக்குப் போகும் பாதையில், மரங்களுக்கு நடுவே, மனைவியின் முதுகு தெரிந்தது. அவள் வேகமாக நடக்கவில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

வீடு சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. துவட்டிக்கொண்டே, "என்னவோ சொல்லணும்னியே?" என்றார்.

"நாளைக்குச் சொல்றேன்."

"இப்பவே சொல்லலாமே."

"அந்தப் பெரியவர் வெளிய வந்துட்டாரா?"

"வந்துட்டார்."

"நல்லதாப் போச்சு" என்றாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு. மழை மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மழை நின்றிருந்தது. மரம், பலகை, எல்லாம் ஊறியிருந்தன. ரொட்டியை வாட்டுகிறேன் என்று அவர் முந்திக்கொண்டு போய் நான்கையும் கருக்கினார். அவள் சுரண்டிச் சாப்பிட்டாள். பிறகு துணிகளை எடுத்துவைக்க உள்ளறைக்குப் போனாள். ஜன்னல் வழியாக வந்த காற்று கதவை அடித்துச் சாத்தியது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளிருந்து ஒரு முனகல், இழுக்கும் சத்தம், 'கடக்' என்று ஒரு சத்தம்.

"என்னங்க."

"ம்."

"கதவு வரல. பிடி என் கையோட வந்துடுச்சு."

அவர் இரண்டு எட்டில் கதவுக்கு வந்தார். ஒரு பார்வை போதுமாக இருந்தது. ஈரத்தில் ஊதிப்போன கதவு, நிலைக்குள் முழுசாகப் போய் இறுகியிருக்கிறது. மேல் மூலையில்தான் இறுக்கம். அங்கே நிலையில் ஒரு வெளிறிய தடம். ஏதோ ஒன்று வெகுநாளாகச் செருகியிருந்து, கதவை அதற்கு மேல் போகவிடாமல் தடுத்த தடம். அவர் கை பாக்கெட்டுக்குள் போனது. நான்காக மடித்த அட்டை அங்கேயே இருந்தது. ஹார்டுவேர் கடை அம்மாவின் குரல் இப்போது, இரண்டு நாள் தாமதமாக, காதில் விழுந்தது: அந்த உள்ரூம் கதவுல...

"நான்தான் எடுத்தேன்" என்றார் கதவைப் பார்த்து.

"எதை?"

"அட்டையை."

"எதையும் தொடமாட்டேன்னு சொன்னீங்க."

"அது ரிப்பேர் இல்லையே. அட்டையை எடுக்கிறது ரிப்பேர்ல வராது."

"வராதா?"

"எங்க கம்பெனியில வராது."

உள்ளே ஏதோ ஒரு சத்தம். சிரிப்பா, பெருமூச்சா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லு. மேல் மூலையில ஒரு குத்து, கீழ முட்டியால ஒரு தள்ளு. திறந்துடும்."

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"இப்பத் திறக்க வேணாம். அப்படியே இருங்க."

ஓங்கிய கையை அவர் இறக்கினார். மாட்டிக்கொண்டவர்கள் திறக்காதே என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு முதுகைக் கதவுக்குக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தார்.

"நேத்து அந்தப் பெரியவர்கிட்ட பேசினீங்களே" என்றாள் அவள். குரல் கீழிருந்து வந்தது. அவளும் உட்கார்ந்திருக்க வேண்டும். "அந்த மாதிரிப் பேசுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கூச்சமாக இருந்தது. "நான் வெளியிலதான் இருக்கேன்."

"தெரியும்."

"எங்கேயும் போகமாட்டேன்."

"அது தெரியாது. சரி, மேல போங்க."

"காலையில என்ன சாப்பிட்ட?"

"ஒருத்தர் கருக்கின ரொட்டி. அடுத்தது."

அடுத்த கேள்வி எது என்று யோசிக்கவே தேவையில்லை. வாழ்நாள் முழுக்க, எத்தனையோ கதவுகளுக்கு வெளியே நின்று, எத்தனையோ பேரிடம் கேட்டது. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"எங்க கிளம்பின?"

கேட்ட பிறகுதான் அது என்ன கேள்வி என்று அவருக்கே உறைத்தது. உள்ளேயும் உறைத்திருக்க வேண்டும். கூரைத் தகரம் தட்டியது. அவர் அதைக் கேட்டும் தலையைச் சாய்க்கவில்லை.

"அக்கா வீட்டு மாடி ரூம்ல" என்றார், "ஜன்னல் எந்தப் பக்கம்?"

"கேட்டுட்டீங்களா?"

"வியாழக்கிழமை. மீட்டர் பெட்டிகிட்ட நின்னேன்."

"மூணு நாளா ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ ஒண்ணும் சொல்லலையே. கம்ப்ளைன்ட் வந்தாத்தானே..." பாதியில் நிறுத்தினார்.

"கம்ப்ளைன்ட் இல்லீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னாள். "அதுதான் உங்களுக்கு எப்பவும் பிடிபடல. நான் ஒண்ணும் பழுதாகல. நீங்களும் ஒண்ணும் தப்புப் பண்ணல. எனக்குப் போகணும்னு இருக்கு, அவ்வளவுதான். அதைச் சரிபண்ண முடியாது. கேக்கத்தான் முடியும்."

அவர் நாக்கு நுனியில் நான்கைந்து யோசனைகள் வந்து நின்றன. இங்கேயே வேறு கடையில் சொல்லிவைக்கலாம். கம்பெனி ஆபீசில் பில் பிரிவில் ஆள் தேவையாம். அவை ஒவ்வொன்றும் ஒரு ஸ்பேனர். அவர் எதையும் எடுக்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் ரொம்பப் பெரிய காரியம் எது என்று கேட்டால் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். பார்ப்பதற்கு ஒரு மனிதர் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

"ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்டேன்."

"கிழக்கே. கீழ ஒரு சின்ன முற்றம், குழந்தைங்க விளையாடறது. போன மாசம் அக்காவுக்குக் காய்ச்சல்னு போனேனே, காய்ச்சலெல்லாம் இல்ல. இடத்தைப் பார்க்கத்தான் போனேன்."

"ஓ."

"ஒரு பொடிசு இருக்கான். மத்தியானம் எல்லாரும் தூங்குவாங்க, அவன் மட்டும் ஷூவைக் கழட்டமாட்டான். எந்நேரமும் கிளம்பத் தயாரா படுத்திருப்பான். எனக்கு உங்க ஞாபகம்தான் வந்தது."

அவர் தம் காலைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தபோதெல்லாம் செருப்பைக் கழற்றியிருக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"அவன் அப்புறம் தூங்கிடுவானா?"

"பக்கத்துல உக்காந்து என்னத்தையாவது கேட்டுக்கிட்டே இருந்தா தூங்கிடறான். உங்க வித்தைதான். காலையில என்ன சாப்பிட்ட, எங்க கிளம்பின."

ரொம்ப நேரம் பேசினார்கள். மொட்டையாக நின்றுபோன இடங்களும் இருந்தன. ஒரு தடவை அவள் அழுததுபோல இருந்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்து, எழுந்திருக்காமல் இருந்தார். துணிக்கடையை மூடிய கடைசி நாளில் அவள் அந்தப் பழைய லிப்டில் வேண்டுமென்றே ஒரு தடவை ஏறி இறங்கினாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாளாம். அவர், "அந்த மெஷின் இன்னும் ஓடுதா?" என்று மட்டும் கேட்டாராம். அவருக்கு அது நினைவில்லை. இல்லை என்று சொல்லி வாதாடவும் இல்லை.

கடைசியாக, கேட்காமல் விட்டிருந்த கேள்வி ஒன்றுதான் இருந்தது. அதற்கு மட்டும் அவருக்குப் பதில் தெரியாது.

"கட்டில் ஒண்ணா, ரெண்டா?"

"அதுக்குப் பதில் அக்காகிட்டதான் சொல்லணும்" என்றாள். "இப்பத் திறங்க. கால் மரத்துப்போச்சு."

மேல் மூலையில் ஒரு குத்து, கீழே முழங்காலால் ஒரு தள்ளு. கதவு ஒரு நீண்ட கீச்சலோடு விட்டுக்கொடுத்தது. அவள் கையில் பிடியோடு நின்றிருந்தாள், கண்ணிமை வீங்கியிருந்தது. ஒருவரை ஒருவர் முதல் தடவை பார்ப்பதுபோலக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் பாக்கெட்டிலிருந்து அட்டையை எடுத்தார். மடிப்புக் கலையாமல், நிலையின் மேல் மூலையில், வெளிறிய தடம் இருந்த அதே இடத்தில் செருகினார். கட்டைவிரலால் அழுத்தினார். தம் கையால் ஒரு கதவுக்கு அட்டை வைப்பார் என்று அவருடைய கம்பெனியில் சத்தியம் செய்து சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"இதைப் படம் பிடிச்சு வெச்சிருக்கணும்" என்றாள் மனைவி.

பையைத் தூக்கிக்கொண்டு குளத்துப் பக்கமாகப் போனார்கள். அவள் பாறையில் ஏறி அக்காவுக்குப் போன் போட்டாள். அவர் ஏறவில்லை. பேச்சு காதில் விழாத தூரத்துக்கு, கரையோரமாகத் தள்ளிப் போய் நின்றார். எவ்வளவு தூரம் போனால் கேட்காது என்று அவருடைய காதுக்குத் தெரியும். அதற்கும் மேல் நாலு எட்டு கூடவே போனார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின்னால் கட்டினார், முன்னால் கட்டினார். ஒரு காலைத் தட்டினார். அவள் பேசிக்கொண்டே தலையை ஆட்டினாள், ஒரு தடவை சிரித்தாள், ஒரு தடவை அவர் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வையிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் இறங்கி வந்தாள். 'முடிஞ்சுதா' என்ற சொல் அவர் வாய்வரை வந்தது. அதை உள்ளேயே வைத்துக்கொண்டார்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ரெண்டாவது கட்டில் மாடிப்படி திருப்பத்துல திரும்பாதாம். கழட்டித்தான் ஏத்தணுமாம்."

அவர் குளத்தைப் பார்த்தார். பிறகு விரல்கள் தாமாகவே அசைய ஆரம்பித்தன.

"கழட்டறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. தலைமாட்டுல ரெண்டு போல்ட்டு, கால்மாட்டுல ரெண்டு. பையை எடுத்துட்டு வந்தா..."

"மொதல்ல ஆள் வந்து சேரட்டும்" என்றாள் அவள், பாதையில் முன்னால் நடந்துகொண்டே. "பையைப் பத்தி அப்புறம் பேசலாம்."